மாட்டை முந்திப் போன ராயப்பன் ட்ரோன்

நான் மாட்டுவண்டிப் பந்தயத்தில் மைக் பிடிக்கிறவன். வண்டிகளுக்குப் பின்னால் ஜீப்பில் தொங்கிக்கொண்டே "மின்னலைப் பாருங்கள், மின்னலைப் பாருங்கள்" என்று தொண்டை கிழியக் கத்துவது என் தொழில். நடக்கிற மாட்டைப் பறக்கிறது என்று சொல்லித்தான் நான் சோறு தின்கிறேன். அப்படிப்பட்ட நானே வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன் என்றால், வேலாங்குளம் ராயப்பன் விட்ட சரடு எவ்வளவு நீளம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாசிக் களரித் திருவிழாவுக்கு எங்கள் ஊரில் சின்ன மாட்டுப் பந்தயம் நடந்தது. மற்ற வண்டிகளெல்லாம் வழியிலேயே சோர்ந்துவிட்டன. கடைசியில் இரண்டு வண்டிதான் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வந்தன. ஒன்று பஞ்சவர்ணத்தக்கா வண்டி. இன்னொன்று கமிட்டித் தலைவர் நாகலிங்கத்தின் மச்சினன் வண்டி. முடிகிற இடத்தில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டை இரண்டும் ஒரே புழுதியாகத் தாண்டின. எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. தெரியாதபோது கத்துவதுதான் தொழில் தர்மம் என்பதால் "இரண்டு வண்டியும் முதலிடம்" என்று மைக்கில் முழங்கிவிட்டேன். கமிட்டிக்குத் தெரிந்திருந்தது. புழுதி அடங்குவதற்கு முன்பே மச்சினன் கழுத்தில் மாலை விழுந்துவிட்டது.

பஞ்சவர்ணத்தக்கா சண்டை போடவில்லை. மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராகக் கமிட்டிப் பந்தலுக்கு வந்தார். "மேல ட்ரோன் விட்டீகள்ல, அதைப் போட்டுக் காட்டுங்க. நான் தோத்திருந்தா தோத்துட்டேன்னு போயிருறேன்" என்றார். கூட்டமும் அதுதான் நியாயம் என்றது. தலைவருக்கு வேறு வழியில்லை. பந்தலுக்கு ஒரு டிவி வந்தது.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பந்தய மாடு கட்டுவது ஆம்பளை வேலை என்று கூடப்பிறந்த அண்ணன் தம்பிகளே ஒதுக்கி வைத்த மனுஷி. அந்த ஜோடியைக் கன்றாக வாங்கி, கண்மாய் மணலில் தானே ஓட்டிப் பழக்கி, தன் தட்டில் இல்லாத முட்டையை மாட்டுக்கு ஊட்டி வளர்த்தவர். ஒரு முதல் பரிசு வாங்கிவிட்டால் போதும், பேசின வாயெல்லாம் மூடிவிடும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். முகமெல்லாம் புழுதியோடு அவர் அந்த டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ராயப்பன் ஸ்டூடியோ வைத்திருக்கிறவன். கல்யாணத்துக்கு ட்ரோன் விட்டால் பொண்ணு மாப்பிள்ளையைவிடப் பந்தல் கூரையை அதிகம் எடுப்பான். அன்று கமிட்டி அவனைத்தான் அமர்த்தியிருந்தது. ட்ரோன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். டிவியில் ஒயரை மாட்டுவான் என்று பார்த்தால், தொண்டையைச் செருமினான்.

"வீடியோவைப் பாக்குறதுக்கு முன்னாடி, இது என்ன வண்டின்னு தெரிஞ்சுக்கிரணும்ல. கம்பெனியில குடுத்த வேகத்துல விட்டா நம்ம மாட்டுக்குப் பின்னால தூசி தின்னுக்கிட்டுத்தான் வரும். அதனால நான் இதைக் கொஞ்சம் தட்டி எடுத்திருக்கேன்."

"தட்டினது போதும், போடுப்பா" என்றான் வெள்ளக்கண்ணு. அவன்தான் பஞ்சவர்ணத்தக்கா வண்டியை ஓட்டின சாரதி.

"இருண்ணே. வேகம்னா என்ன, எடை குறையணும். மொதல்ல நாலு காலையும் வெட்டி எறிஞ்சேன். ஸ்க்ரூவையெல்லாம் கழட்டிட்டு அந்த ஓட்டையில கருவேல முள்ளைக் குத்துனேன். மேல எழுதியிருந்த கம்பெனிப் பேரைக்கூட பிளேடு வச்சுச் சுரண்டிட்டேன். பேரு என்னா கனம் கனக்குதுங்கிறீக."

வெள்ளக்கண்ணு எட்டிப் பெட்டியைத் திறந்தான். உள்ளே ட்ரோன் நாலு காலோடு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பேரும் பளபளவென்று இருந்தது. "காலை வெட்டிட்டேன்னியே, இது என்ன?"

ராயப்பன் அசரவில்லை. "அது திரும்ப மொளைச்சிருச்சுண்ணே. பேட்டரிக்கு நான் குடுக்கிற தீனி அப்படி."

தலைவர் நாகலிங்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "விஞ்ஞானம் பேசுறான். குறுக்க பேசாமக் கேளுங்கப்பா" என்றார். வழக்கமாக அவர் பேசும்போதுதான் யாரும் குறுக்கே பேசக்கூடாது. அன்றைக்கு அந்த மரியாதையை ராயப்பனுக்கும் கொடுத்தார்.

"பேட்டரிக்கு என்னடா தீனி?" என்றேன் நான்.

"பந்தய மாட்டுக்கு என்ன தீனியோ அதேதான். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பாலெடுத்து, அதுல பேட்டரியை ஊறப்போட்டேன். விடிஞ்சா நாட்டுக்கோழி முட்டை. பொழுது சாஞ்சா பேரீச்சம்பழம். ஒரு மண்டலம் குடுத்தேன். பேட்டரி சும்மா திமிலு வச்சுக்கிருச்சு."

"கொம்பு மொளைக்கலையா?"

"மொளைச்சது. நாந்தான் சீவிவிட்டேன், காத்து தடுக்குதுன்னு."

கூட்டம் சிரித்தது. பஞ்சவர்ணத்தக்கா சிரிக்கவில்லை. ஒரு மாடு தலையை ஆட்டிக் கயிற்றை இழுத்தது. அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டு டிவியையே பார்த்தார்.

"அடுத்தது இறக்கை. கம்பெனி இறக்கை பிளாஸ்டிக்கு, நம்ம காத்துக்குச் சரிப்படாது. பனையோலையைக் கிழிச்சுக் காத்தாடி பண்ணி, அடுப்புக்கு மேல புகையில கட்டித் தொங்கவிட்டு, பதம் வந்தப்புறம் மாட்டுனேன். முதல் நாள் ஓட்டிப் பாத்தேன் பாருங்க. இங்க பட்டனை அமுக்குறேன், சிவகங்கையில எங்க மாமியா வாசல் தெளிக்கச் செம்பைச் சாய்க்கிறாக. அந்தத் தண்ணி கீழ விழுகுறதுக்குள்ள படத்தைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பி வந்து என் தலைக்கு மேல நிக்குது."

"உங்க மாமியா வாசல் தெளிச்சு யாரும் பாத்ததில்லையே" என்றது பின்னால் ஒரு குரல்.

"அதனாலதான் அவசரமாப் போய் எடுத்தேன்."

இந்த இடத்தில் நானும் சிரித்துவிட்டேன். பொய் சொன்னாலும் அவனிடம் ஒரு ஓட்டம் இருந்தது. எனக்கு அது பிடித்தது என்பதுதான் கோபம். மைக் பிடிக்கிறவன் புத்தி அப்படி. ஆனால் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இருட்டினால் கூட்டம் கலைந்துவிடும், கலைந்தால் மாலை யார் கழுத்தில் இருக்கிறதோ அவர்தான் முதல். அது தலைவருக்கும் தெரியும், ராயப்பனுக்கும் தெரியும். அக்காவுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"சத்தம் இருக்கே சத்தம்" என்று அவன் அடுத்த கட்டத்துக்குத் தாவினான். "ட்ரோனுக்கு ஈடு குடுத்து அதால வர முடியலை. ட்ரோன் வந்து இறங்கி, பெட்டியில போட்டுப் பூட்டி, நான் காப்பி குடிச்சு முடிச்சப்புறம் 'ஞொய்'னு சத்தம் மட்டும் தனியா வருது. பக்கத்து வீட்டுக்காரர் தேனீதான் படையெடுத்து வந்துருச்சுன்னு தீப்பந்தத்தைத் தூக்கிக்கிட்டு ஓடியாறார். நான் சொன்னேன், மாமா பயப்படாதீக, அது நேத்து விட்டதுன்னு."

"நேத்து விட்டதா?"

"முந்தாநாள் விட்டது அன்னிக்குச் சாயங்காலந்தான் வந்து சேந்துச்சு. அதை ஏன் கேக்குறீக. சத்தமாவது வந்துச்சு. நிழல் வரவே இல்லை."

"எது?"

"ட்ரோனோட நிழலுண்ணே. மேல அது போற வேகத்துக்குக் கீழ நிழல் ஓட முடியாம மூச்சு வாங்கி, நடுவழியில ஒரு வயக்காட்டுலயே நின்னுருச்சு. தேடிக்கிட்டுப் போறேன். அங்க களை எடுக்கிற பொம்பளைக அந்த நிழல்ல உக்காந்து தூக்குச்சட்டியைத் திறந்து சோறு தின்னுக்கிட்டிருக்காக. எந்திரிங்கம்மா, என் நிழலுன்னா, நாங்க தின்னு முடிக்கிறவரைக்கும் இருக்கட்டும் தம்பிங்கிறாக."

"உன் ட்ரோன் உள்ளங்கை அகலம். அது நிழல்ல எத்தனை பேரு உக்காருவாக?" வெள்ளக்கண்ணுவுக்குப் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது.

"வேகத்துல இழுபட்டு நீண்டுபோச்சுல்ல."

தலைவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். மச்சினன் மாலையைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். பெரியவர்கள் சிரிப்பதைப் பார்த்துக் கமிட்டியில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். ஒருத்தருக்கு என்ன கதை என்றே தெரியாது, அவரும் சிரித்தார்.

வெள்ளக்கண்ணு எழுந்துவிட்டான். "ஏய், நிழலு இருக்கட்டும், சத்தம் இருக்கட்டும். கோட்டைத் தாண்டுனப்ப எங்க மாட்டுத் தலை முன்னால இருந்துச்சா, அவுக மாட்டுத் தலை முன்னால இருந்துச்சா? அதைக் காட்டு."

"அதுக்குத்தான் வர்றேன்" என்றான் ராயப்பன். அவன் குரல் கொஞ்சம் தணிந்தது. முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டான். "தப்பு என்மேலதான். வேகத்தைக் கூட்டுனவன் பிரேக்கைப் பத்தி யோசிக்கலை. கொடியை அசைச்சாக. வண்டிகளோட சேத்து நானும் ட்ரோனைக் கிளப்பிவிட்டேன். மாடு ஒரு எட்டு எடுத்து வைக்கிறதுக்குள்ள இது கோட்டுக்குப் போயிருச்சு. போனதோட நின்னுச்சா? நிக்கலை. வேகம் தாங்காம இன்னிக்குப் பொழுதையே தாண்டிப் பின்னால போயிருச்சு."

"பின்னாலன்னா, எங்க?"

"இன்னிக்கு விடியக்காலைக்கு."

யாரும் உடனே சிரிக்கவில்லை. அவ்வளவு பெரிய பொய்யை விழுங்கக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது.

"ஆமா. பந்தயம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போய், முடிகிற இடத்துல நின்னுக்கிட்டு எடுத்திருக்கு. நான் பாத்துட்டேன். கோடு அப்படியே தெளிவாத் தெரியுது. சுண்ணாம்புகூட இன்னும் ஈரம் காயலை. ஆனா மாடு எப்படி இருக்கும்? மாட்டை அப்பத்தான் வீட்டுல எழுப்பிக்கிட்டு இருப்பீக. என்ன பண்றது அக்கா, என் ட்ரோனுக்கு வேகம் கூடிப்போச்சு. இல்லாட்டி உங்க மாடு ஜெயிச்சிருந்தா அதை ஊரே பாத்திருக்கும்."

தலைவர் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை எழுந்து வேட்டியையும் மடித்துக் கட்டினார். "சரிப்பா, விஞ்ஞானத்துல ஒரு கோளாறு, நாம என்ன செய்யிறது. கமிட்டி சொன்னதுதான் முடிவு. எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க" என்றார். சாப்பாடு என்றதும் கூட்டத்தில் பாதி செருப்பைத் தேட ஆரம்பித்தது. எங்கள் ஊரில் நியாயத்துக்கும் கறிச்சோற்றுக்கும் போட்டி வைத்தால் எது கோட்டை முதலில் தாண்டும் என்று பார்க்க ட்ரோன் தேவையில்லை.

பஞ்சவர்ணத்தக்கா கயிற்றை வெள்ளக்கண்ணு கையில் கொடுத்துவிட்டு முன்னால் வந்தார். அவர் அழுதுவிடுவார் என்றுதான் நான் பயந்தேன்.

"ராயப்பா" என்றார் சாதாரணமாக. "நீ சொன்னது அம்புட்டையும் நான் நம்புறேன்."

ராயப்பனுக்கே அது புதிது. "நெசமாவாக்கா?"

"நம்பாம என்ன. விடியக்காலையில அந்தக் கோட்டுக்கிட்டப் போய் நின்னு எடுத்துச்சுன்னு சொல்லுறே. நீ கண்ணால பாத்துட்டேன்னும் சொல்லுறே. கோட்டுக்கிட்ட யாரு நிக்கிறா அதுல?"

"யாருமில்லைக்கா. வெறும் கோடுதான்."

"அப்படி இருக்காதே. விடியக்காலையில நான் மாட்டுக்குத் தண்ணி காட்டக் கண்மாய்க்கு அந்த வழியாத்தான் போனேன். கோட்டுக்கிட்ட நீ நின்னுக்கிட்டிருந்தே. உன் தோள்ல கையைப் போட்டுக்கிட்டுத் தலைவர் நின்னாரு. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசுனீக. என்னைப் பாத்ததும் பேச்சை நிறுத்திட்டு, மாடு நல்லாருக்காக்கான்னு கேட்டே."

செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றார்கள்.

"உன் ட்ரோன் அம்புட்டு வேகமாப் போயி அங்க நின்னிருந்தா, உங்க ரெண்டு பேரையும்ல எடுத்திருக்கும்? மாடு வேணாம் எனக்கு. அதைப் போடு. தலைவர் உங்கிட்ட என்ன சொன்னாருன்னு ஊரு கேக்கட்டும்."

தலைவர் மடித்துக் கட்டின வேட்டியை இறக்கிவிட்டார். மச்சினன் மாலையில் ஒரு பூவைப் பிய்த்தார். ராயப்பன் தலைவர் முகத்தைப் பார்த்தான், அங்கே உதவி எதுவும் இல்லை. பேட்டரிக்குக் கொம்பு சீவிவிட்டவன், நிழலைத் தேடிக்கொண்டு வயலுக்குப் போனவன், உதட்டை நனைத்துக்கொண்டு மெல்லச் சொன்னான்:

"ட்ரோன்ல சத்தம் பதியாதுக்கா."

அது நிஜம். ட்ரோனில் சத்தம் பதியாது, கல்யாண வீடியோவில் அந்த இடம் வந்தால் பாட்டைப் போட்டு ரொப்புவது அதனால்தான். அன்று பந்தலில் அவன் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான். என்ன பேச்சு என்று அவன் கேட்கவில்லை, அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று மறுக்கவும் இல்லை. இதைக் கூட்டமும் கவனித்தது. சாப்பிடப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

பஞ்சவர்ணத்தக்கா ஒயரை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"சத்தம் வேணாம்ப்பா. படத்தைப் போடு."