தலை தூக்கினால் கால் முங்கும்

குரு என்றால் தாடியும் காவியும் இருந்தே ஆக வேண்டும் என்பவர்கள் இந்தக் கதையை இங்கேயே விட்டுவிடலாம். இந்தக் குருவின் பெயர் கோகிலவாணி. வயது முப்பத்திரண்டு. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் சுடிதாரோடு குதித்து நீச்சல் பழக்குகிறவர்.

சீடருக்கு வயது ஐம்பத்து நான்கு. பெயர் சென்னியப்பன். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்பவர். வெளிநாட்டுக்காரன் விழித்திருக்கும்போது அவரும் விழித்திருக்க வேண்டும். உள்ளூர்க்காரன் விழித்திருக்கும்போதும் விழித்திருக்க வேண்டும். குனிந்து குனிந்து போனைப் பார்த்ததில் கழுத்து நரம்பு நசுங்கி, வலது கை விரல்கள் மரத்துப்போய்விட்டன. சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிடுகிறார்.

டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "போனைத் தள்ளி வைங்க. நீச்சல் பழகுங்க. இல்லைன்னா கை திரும்ப வராது."

சென்னியப்பன் பிடிவாதக்காரர். லீவு போட்டுவிட்டு, கோகிலவாணி இருக்கும் மாமனார் ஊருக்கு வந்து இறங்கினார்.

"அம்மிணி, எனக்குக் கை வேணும். என்ன சொன்னாலும் செய்யறேன்."

"அப்படீங்களா? முதல்ல இந்தக் கேனக் கட்டுங்ணா."

சின்னப் பிள்ளைகள் கட்டுவதுபோல முதுகில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டார். வெட்கப்படவில்லை. போனை மட்டும் கீழ்ப்படியில், தண்ணீர் தெறிக்காத இடமாகப் பார்த்து வைத்தார்.

"அது எதுக்குங்ணா?"

"தூத்துக்குடியில ஒரு கண்டெய்னர் நிக்குது. தொட மாட்டேன் அம்மிணி. சும்மா அங்க இருக்கட்டும்."

தொடவில்லைதான். ஆனால் நாலு கை போடுவதற்குள் தலையைத் தூக்கிப் படியைப் பார்ப்பார். தலை மேலே வந்ததும் இடுப்பு இறங்கும், கால் தொங்கும். கேன் மட்டும் இல்லையென்றால் ஆள் நேராக அடியாழத்துக்குத்தான்.

"மொகத்தத் தண்ணிக்குள்ள வைங்க. தலை தூக்குனா கால் முங்கும்."

"தெரியுது அம்மிணி."

தெரிந்தும் தூக்கினார்.

அடுத்த நாள் போனைக் கவிழ்த்து வைத்தார். வெளிச்சம் தெரியாது. சத்தம் வருகிறதா என்று கேட்கத் தலை வந்தது. அதற்கடுத்த நாள் சத்தத்தையும் அணைத்தார். சத்தம் கேட்காததாலேயே, ஏதாவது வந்திருக்குமோ என்று தலை வந்தது. பாவம், மனிதர் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தார்.

"ஏன் அம்மிணி, போன எடுத்து வைன்னு நீங்க ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கறீங்களே?"

"டாக்டர் சொல்லியே கேக்கல. நான் சொல்லியா கேக்கப் போறீங்க?"

கை கால் அசைவு ஓரளவு படிந்ததும் கோகிலவாணி கேனை அவிழ்த்துவிட்டார்.

"எதிர்ச்சுவர் வரைக்கும் போகோணும். பயப்படாதீங்க, நான் பக்கத்துலயே வர்றேன்."

சென்னியப்பன் பாதி தூரம் போய்விட்டார். அப்போது படியில் போன் அதிர்ந்தது. கருங்கல்லில் அது நகர்ந்த சத்தம் கிணறு முழுக்கக் கேட்டது. அவர் உடம்போடு திரும்பினார். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டார்.

கோகிலவாணி தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்து படியில் சேர்த்தார்.

சென்னியப்பன் இருமினார். மூக்கு வழியாகத் தண்ணீர் வந்தது. மூச்சு முழுதாகத் திரும்புமுன் அவர் கை போனைத் தேடிப் போனது. ஈர விரலுக்குத் திரை திறக்கவில்லை. துண்டில் துடைத்துத் துடைத்துத் தேய்த்தார். ஒருவழியாகத் திறந்தது.

"என்னங்ணா, கண்டெய்னர் கப்பலேறிருச்சா?"

அவர் திரையைக் காட்டினார். ஒரு ரோஜாப்பூ, பக்கத்தில் ஒரு காபிக் கோப்பை. 'இனிய காலை வணக்கம்.' குடும்பக் குரூப்பில் சின்ன மச்சான் அனுப்பியது.

"இதுக்கா சாகப் பாத்தேன்?" என்றார் சென்னியப்பன். பயமும் அவமானமும் ஒன்றாக வந்தன. அந்தப் பெரிய மனிதர் ஈரப் படியில் உட்கார்ந்து அழுதார். கோகிலவாணி காய்ந்த துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

மறுநாள் அவர் வெறுங்கையோடு வந்தார்.

"போன் எங்கீங்ணா?"

"பீரோவுல வெச்சுப் பூட்டிச் சாவிய வீட்டுக்காரிகிட்டக் குடுத்துட்டேன். நானே கேட்டாலும் தரக்கூடாதுன்னுட்டேன். கம்பெனிக்கும் பேசியாச்சு. கை சரியாகற வரைக்கும் வேற ஆள் பாத்துக்குவான்."

"பொறகு மனசு மாறிட்டா?"

"மாறாது. நேத்து குடிச்ச தண்ணி போதும் அம்மிணி. இன்னைக்கு அந்தச் சுவரத் தொடாம ஏற மாட்டேன்."

கேன் இல்லாமல் இறங்கினார். நன்றாகவே போனார். கை ஒழுங்காக விழுந்தது, கால் ஒழுங்காக உதைத்தது. நடுக்கிணறு தாண்டும் நேரத்தில் தலை தானாக எழுந்து படியைத் திரும்பிப் பார்த்தது. படியில் ஒன்றுமில்லை. கால் முங்கியது.

இந்த முறை கோகிலவாணி பிடித்து இழுக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் மிதந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். சென்னியப்பன் தண்ணீரை மாறி மாறி உதைத்துத் தானே மேலே வந்தார். பக்கச்சுவரில் துருத்தியிருந்த கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அவருக்குத் தன்மீதே கோபம்.

"போன்தான் அங்க இல்லயே அம்மிணி. பின்ன எதுக்குத் தலையத் தூக்குனேன்?"

"போனத்தானுங்க பூட்டி வெச்சீங்க. போனுக்குக் காத்துட்டு இருக்கற மனசக் கையோட கொண்டாந்துட்டீங்களே."

சென்னியப்பன் காலியான படியைப் பார்த்தார்.

"அதைக் கொண்டுபோய் எங்க வெக்கறது?"

கோகிலவாணி நடுக்கிணற்றுக்கு நீந்திப் போய், அங்கிருந்தே அவர் பக்கம் திரும்பினார்.

"இங்கதானுங்ணா. கல்ல விட்டுட்டு வாங்க. மொகத்த உள்ள வைங்க."

சென்னியப்பன் கல்லை விட்டார்.