கரட்டூர் விருந்து

முன்னொரு காலத்தில் செங்கழனி நாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்டு வந்தார். காலையில் தாம் போட்ட உத்தரவையே சாயங்காலம் "எவன் போட்டது இது?" என்று கேட்கிற ராஜா. அப்பேர்ப்பட்டவர் வார்த்தையை ஊர்களுக்குப் பக்குவமாகச் சொல்லி, ஊரார் மனசை அறிந்து வந்து சபையில் சொல்வது ஆவுடையப்பர் வேலை. எழுத்து வாசனை அதிகம் கிடையாது. ஆனால் தலை நரைக்கிற வரைக்கும் ஊர் ஊராக நடந்த மனிதர்.

அந்த வேலைக்குத்தான் காஞ்சியில் படித்த நன்மாறனை ராஜா மந்திரியாகக் கொண்டுவந்து வைத்தார். அன்று பிடித்தது ஆவுடையப்பருக்கு வயிற்றெரிச்சல். ராஜா யோசனை கேட்டால் அவனைக் கேட்டார். வெற்றிலை மடித்தால் அவனுக்கு நீட்டினார். இத்தனை வருஷத்தில் ஆவுடையப்பருக்குக் காம்பு கூடக் கிடைத்ததில்லை.

அந்தச் சமயத்தில் கரட்டூர் மேய்ச்சல் நிலத்தில் ஏரி வெட்ட வேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை வந்தது. இருவரில் ஊர்ச் சம்மதத்தைப் பெற்று வருகிறவனுக்கே மந்திரிப் பதவி, மற்றவன் தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று சபையில் சொல்லிவிட்டார்.

நன்மாறன் நேரே ஆவுடையப்பரிடம் வந்து, கரட்டூர்க்காரர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்டான்.

"காஞ்சியில் சொல்லித் தரவில்லையா தம்பி? ஏட்டைப் புரட்டிப் பாருங்கள்" என்றார் அவர். ராஜாவிடமோ, சின்னவரே முதலில் போகட்டும் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்.

நன்மாறன் குதிரையும் முரசுமாகப் போனான். திரும்பி வந்ததும் சபை கூடியது. ஆவுடையப்பர் தூணோரம் நின்று, நன்மாறனின் மோதிரம் கழலப்போகிற விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரட்டூரார் எதிர்கொண்டு அழைத்ததையும், தலைவாழை இலை போட்டதையும் நன்மாறன் விவரித்தான். "ஏரிப் பேச்சை எடுத்தபோதெல்லாம் இலையில் இன்னொரு அதிரசம் வைத்தார்கள், மகாராஜா."

ராஜா தொடையைத் தட்டினார். "அப்படியானால் சம்மதம்தான். நாளைக்கே மண்வெட்டி போகட்டும், கூடவே சேனையும் போகட்டும்."

நன்மாறன் தூணோரம் திரும்பிப் பார்த்தான். ஆவுடையப்பருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சம்மதமா? கரட்டூரான் முடியாது என்று வாயால் சொல்லமாட்டான் மகாராஜா. அந்நியனுக்கு விருந்து போட்டு அனுப்பிவிடுவான். அதிரசம் வைத்தால் எழுந்து போ என்று அர்த்தம். நாளைக்கு மண்வெட்டி போனால் அரிவாள்தான் எதிரே வரும். சம்மதம் என்றால் வீட்டு மனுஷனுக்குக் கொடுப்பது மாதிரி வெறும் கஞ்சி கொடுப்பான். அதற்கு முரசு இல்லாமல் நடந்து போக வேண்டும், முதலில் ஆடுகளை விசாரிக்க வேண்டும், ஏரிக்கரையில் ஆட்டுக்குத் தடம் விடுவதாகச் சொல்ல வேண்டும். படித்த தம்பிக்கு இது எங்கே தெரியப்போகிறது?"

நன்மாறன் எழுந்து அவரை வணங்கினான். "இப்போது தெரிந்தது ஐயா. ஊரார் மனசு திறந்து பதில் சொல்லவில்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அவர்கள் மனசு தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். தனியாகக் கேட்டேன், சொல்லவில்லை. நான் சபையில் தப்பாக நின்றால் சொல்லாமல் இருக்கமாட்டீர்கள் என்று நினைத்தேன்."

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை.

"ஆவுடையப்பரே, இவன் சறுக்குவதைப் பார்க்க ஓர் ஊரையே வெட்டக் கொடுக்க இருந்தீரா?"

ஆவுடையப்பர் தம் மோதிரத்தைக் கழற்றப் போனார், வீங்கிய விரலில் அது வரவில்லை. இந்த மனிதர் இல்லாமல் மறுபடியும் போனால் மறுபடியும் அதிரசம்தான் கிடைக்கும் என்று நன்மாறன் சொன்னான். பதவி நன்மாறனுக்கு என்றும், ஆவுடையப்பர் அவனுக்கு முன்னால் நடந்து வழி காட்டவேண்டும் என்றும் ராஜா தீர்ப்புச் சொன்னார்.

இருவரும் கரட்டூருக்கு நடந்தே போனார்கள். ஆடுகளை விசாரித்தார்கள், தடம் விடுவதாக வாக்குக் கொடுத்தார்கள். சாயங்காலம் ஊர்த் தலைவர் ஆளுக்கொரு சட்டியில் கஞ்சி ஊற்றினார். நாட்டில் ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் ஏரி வந்தது.

அன்று சாயங்காலம் ஆவுடையப்பர் மட்டும் கஞ்சியில் கை வைக்காமல் பக்கத்துச் சட்டியை எட்டிப் பார்த்தார். நன்மாறனுக்கு வைத்த வெங்காயம் கொஞ்சம் பெரிதாக இருந்தது.