தலைமை மருத்துவர் கொடுத்த டீ

முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைக்குத் தலைமை மருத்துவராக வந்த கர்னல் அருமைநாயகம், முதல் நாளே ராணுவத் தொப்பியோடு வார்டைச் சுற்றினார். நாற்பது கிழவர்களும் படுத்தபடியே விறைத்துக்கொண்டு, "நல்லா இருக்கேன் சார்!" என்றார்கள்.

"எல்லாருக்கும் குணமாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் வார்டைக் காலி பண்ணு!" என்று ஆயா செண்பகவடிவுக்கு உத்தரவு போட்டார்.

"பண்ணிடலாம் சார். உங்க கையால ஆளுக்கொரு டீ குடுத்து மரியாதையா அனுப்புங்க. தொப்பி மட்டும் வேண்டாம். அதைப் பார்த்தா எழுந்து நின்னு டீயைக் கொட்டிடுவாங்க."

முதல் கட்டிலில் இரு கண்ணிலும் கட்டோடு கிடந்த சுபேதார், தொப்பியைக் கழற்றிவிட்டுக் கர்னல் நீட்டிய டம்ளரை வாங்கிக்கொண்டு குசுகுசுத்தார்: "செண்பகம், மூணு நாளா நெஞ்சு வலிக்குது. பெரிய டாக்டர்கிட்ட சொல்லிடாதே. அதிகாரிகிட்ட வலிக்குதுன்னு சொல்லிப் பழக்கமில்லை."

கர்னல் பதறிப்போய் ஸ்டெதாஸ்கோப்பை அவர் மார்பில் வைத்தார். சுபேதார் சட்டென்று விறைத்தார்.

"நல்லா இருக்கேன் சார்!"

கர்னல் ஆயாவின் பக்கம் திரும்பினார்.

"செண்பகம்மா, நாளைக்கும் நானே டீ கொடுக்கிறேன்."