செண்பகவல்லி எழுதாத டிரைவர்

எங்கள் கல்லூரி கம்ப்யூட்டர் லேப்பின் தலைவர் தணிகாசலத்துக்கு, உதவியாளர் செண்பகவல்லியை யாராவது பாராட்டிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. மாணவர்களோ எந்தச் சந்தேகத்துக்கும் அவளிடம்தான் ஓடுவார்கள். மனுஷன் வெந்துகொண்டிருந்தார்.

லீவு நாளில் எல்லா கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் இயங்குதளத்தைப் புது வெர்ஷனுக்கு அவரே மாற்றினார். மறுநாள் திறந்தால் எதிலும் வைஃபை இல்லை. அவர் மேஜைமேல் இருந்த அதே மாடல் கம்ப்யூட்டரில் மட்டும், அதே புது வெர்ஷனில், வைஃபை ஜோராக ஓடியது.

பிரின்சிபால் வந்ததும் தணிகாசலம் முந்திக்கொண்டார். "புது வெர்ஷன்ல வைஃபையை இயக்குற புரோகிராம், அந்த டிரைவரே இல்லை சார். இந்தம்மாதான் பெரிய கெட்டிக்காரியாச்சே, சரிபண்ணட்டும். முடியலைன்னா வேற ஆள் பார்ப்போம்."

செண்பகவல்லி அவர் மேஜையை ஒரு பார்வை பார்த்தாள். "இல்லாத டிரைவரை நானே எழுதிட்டிருக்கேன் சார். சாயங்காலம் முடிஞ்சிடும்."

பிரின்சிபால் பூரித்துப்போனார். "நீயே எழுதுறியா! ஆண்டுவிழா மேடையில உனக்குப் பொன்னாடை போர்த்துறேம்மா."

பொன்னாடை என்றதும் தணிகாசலத்துக்குப் பொறுக்கவில்லை. "இவளுக்கா? இவளாவது டிரைவர் எழுதுறதாவது! டிரைவர் உள்ளேயேதான் சார் இருக்கு. அது ஓடக்கூடாதுன்னு செட்டிங்ஸ்ல ஒரு வரி போட்டிருக்கு. அதை எடுத்தா உடனே வந்துடும்!"



"அந்த வரியைப் போட்டது யாரு?" என்றார் பிரின்சிபால்.

செட்டிங்ஸை மாற்றும் பாஸ்வேர்டு தணிகாசலத்திடம் மட்டும்தான் இருந்தது. எல்லாரும் பார்க்க, அவரே உட்கார்ந்து அந்த வரியை எடுத்தார். வைஃபை வந்தது.

பிரின்சிபால் செண்பகவல்லியிடம் கேட்டார்: "உனக்கு நிஜமாவே டிரைவர் எழுதத் தெரியுமாம்மா?"

"எனக்கு எங்கே சார் தெரியும்? தணிகாசலம் சாரோட வயித்தெரிச்சல்தான் தெரியும்."