கரி இல்லாத சேறு

மலையுச்சியில் ஒரு சதுப்பு, அதன் கரையில் ஓர் ஆசிரமம். அங்கிருந்த நாச்சியம்மை சேற்றைப் படிப்பவள். ஒவ்வொரு மழையும் சுற்றுப்புறத்துக் கரியையும் விதையையும் அடித்துக்கொண்டு வந்து சதுப்பில் சேர்க்கும். சேறு அவற்றை அடுக்கடுக்காக மூடி வைத்துக்கொள்ளும். ஆழம் போகப் போகப் பழைய காலம். மூங்கிலை நெடுக்காகப் பிளந்து, மறுபடி சேர்த்துக் கட்டி, சதுப்புக்குள் இறக்கி உருவினால், மலையின் கதை மொத்தமும் ஒரு சேற்றுக் கம்பாக வெளியே வரும்.

அவளுடைய சீடர் தீர்த்தகிரி அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவர் அவளை அம்மா என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். புதிதாக வருகிறவர்கள் முறை புரியாமல் விழிப்பார்கள்.

பக்கத்துச் சோலைக்குக் காவலும் தீர்த்தகிரிதான். பனி விட்டதும், ஈரம் முழுதாகக் காயும் முன், புல்மேட்டைத் துண்டு துண்டாகக் கொளுத்துவது அங்கே எருமை மேய்க்கிறவர்களின் வழக்கம். காவல் ஏற்ற அன்றே தீர்த்தகிரி அதை அடியோடு நிறுத்தினார். ஏழு வருடம் ஒரு பொறி பறக்கவில்லை. மனிதருக்கு அதில் கொள்ளைப் பெருமை. எட்டாம் வருடக் கோடையில் புல்மேட்டில் பிடித்த தீ சோலைக்குள் இறங்கி, ஒரு மரத்தையும் விடாமல் தின்று தீர்த்தது. கரிந்த அடிமரங்களைக் கட்டிக்கொண்டு அவர் குழந்தை போல அழுதார்.

அழுது முடிந்ததும் கோபம் வந்தது. மேய்ப்பர்களின் தலைவன் மாதன்மேல் அரண்மனைக்குப் புகார் போனது. மறுநாள் அதிகாரி வருவதாக ஆள் வந்து சொல்லிப் போனான். தீக்கு யார் காரணமோ அவர் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். அதுதான் அங்கே சட்டம்.

"அம்மா, அவங்க பரம்பரையே கொளுத்துற பரம்பரை. சேத்துல சாட்சி இருக்கும். எடுத்துக் கொடுங்க."

"மூங்கில் அங்க இருக்குண்ணா. நீங்களே எடுங்க."

முழங்கால் சேற்றில் நின்று மூச்சு வாங்க உருவி எடுத்தார். வாழை இலையில் கிடத்தி, வில்லை வில்லையாக அரிந்து, துணியில் இட்டு அலசினார். கறுப்பு வந்துகொண்டே இருந்தது.

"பாத்தீங்களா! எத்தனை தலைமுறையா இதே வேலை!"

"எப்படிப்பட்ட கரி?"

விரல் நுனியில் எடுத்துப் பார்த்தார். "ஊசி ஊசியா இருக்கு. புல்லுக் கரி."

"அதோட வேற என்ன இருக்கு?"

"விதை." குரல் கொஞ்சம் இறங்கியது. "சோலை மரத்து விதை. நிறைய இருக்கு."

"சரி, கரியே இல்லாத சேறு எங்கயாவது தெரியுதா?"

தீர்த்தகிரியின் முகம் மலர்ந்தது. "இருக்கும்மா. இதோ, ஒரு சாண் நீளத்துக்குத் துளி கரி இல்ல. அந்தக் காலத்துலயும் என்னை மாதிரி ஒரு நல்ல காவக்காரன் இருந்திருக்கான்."

நாச்சியம்மைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அந்த நல்ல காவக்காரனுக்கு மேல என்ன இருக்கு?"

மேலே அரிந்தார். கத்தி நறநறத்தது. கட்டை கட்டையாக மரக்கரி, உள்ளங்கை கனத்துக்கு. அதற்கும் மேலே மலையிலிருந்து சரிந்த சரளை. விதையைத் தேடித் தேடிப் பார்த்தார். வெகு தூரத்துக்கு ஒன்றுகூட இல்லை. கீழே இன்னோர் இடத்தில் சுத்தமான சேறு இருந்தது. அதன் தலையிலும் மரக்கரிதான்.

பிறகு, யாரும் சொல்லாமலே, கம்பின் மேல் நுனிக்குப் போனார். அங்கே இந்தக் கோடையின் கரி, இன்னும் பளபளப்பு போகாமல். அதற்கு அடியில் விரல் அகலத்துக்குச் சுத்தமான சேறு. அது எந்தக் காலத்துச் சேறு என்று அவருக்குத் தெரிந்தது. கத்தியைக் கீழே வைத்தார்.

"ஏழு வருஷத்துப் புல்லு, அம்மா. இடுப்பு உயரத்துக்குக் காஞ்சு கெடந்துச்சு. அதைப் பாத்துப் பாத்து நான் சந்தோஷப்பட்டேன்."

அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"இருந்தாலும், முதல் பொறியை வச்சது யாரு?"

"அது சேத்துக்குத் தெரியாதுண்ணா. இடி விழுந்திருக்கும், இல்ல எவனாவது வழிப்போக்கன் மூட்டின அடுப்பா இருக்கும். எந்தக் கோடையிலயும் ஒரு பொறி எங்கேருந்தாவது விழத்தான் செய்யும்."

தீர்த்தகிரி விரலில் ஒட்டியிருந்த கரியைத் துணியில் துடைத்தார்.

"நாளைக்கு அதிகாரிகிட்ட இதைச் சொன்னா, நான்தானே மலையிறங்கணும்?"

நாச்சியம்மை மூங்கிலைக் கழுவி மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள்.

"இறங்குற வழியிலதான் மாதனோட பட்டி இருக்கு. இதை முதல்ல அங்க சொல்லிட்டுப் போங்க."