முள் கொட்டிய மேட்டுத்தடம்

மலையடிக் காட்டில் நெடுங்கொம்பி என்றொரு காட்டெருமை இருந்தாள். ஏரிக்குப் போகும் வழி வளைந்து வளைந்து போவது அவளுக்குப் பிடிக்கவே இல்லை. கன்று குட்டானைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். அதனால் தன் கூட்டத்தைத் திரட்டி, ஏரிவரை நேராக ஒரே அகலப் பாதையை மிதித்துப் போட்டாள். பிடுங்கிய முள்செடிகளை எங்கே போடுவது? பக்கத்திலேயே, இரண்டு பாறைகளுக்கு நடுவே மேட்டுத்தடம் ஏறியது. அதன் வாயில் கொட்டினாள்.

மறுநாளே ஆமை வந்து நின்றது.

"அக்கா, நாங்க நடக்கிற தடத்துல முள்ளைக் கொட்டிட்டீங்களே!"

"அதான் இவ்வளவு பெரிய பாதை இருக்கே! இதுல வாயேன்!"

"வந்தேன்க்கா! உங்க ஆளு ஒருத்தர் மிதிச்சு என் ஓடே கீறிப்போச்சு!"

"உன்னைப் பார்த்துப் பார்த்துக் கால் வச்சா, நாங்க எப்போ தண்ணி குடிக்கிறது?"

கூட்டமே சிரித்தது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

ஐப்பசி மழை பிடித்தது. குளம்பு பட்டுப் பட்டு அந்தப் பாதை பள்ளமாகியிருந்தது. மலைத்தண்ணீர் மொத்தமும் அதில்தான் இறங்கியது. ஏரிக்குப் போன கூட்டம் நடுவில் மாட்டிக்கொண்டது. முன்னே ஏரி பெருகுது, பின்னே வெள்ளம் வருது! தப்பிக்க இருந்தது மேட்டுத்தடம் ஒன்றுதான்.

நெடுங்கொம்பி ஓடிப்போய் முள்ளை முட்டினாள். அசையவில்லை. குட்டானுக்குக் கழுத்துவரை தண்ணீர்!

"முட்டாதீங்கக்கா! முட்ட முட்ட இறுகுது!" மேலே ஆமையோடு நின்ற முள்ளம்பன்றி ஒன்று கத்தியது. "நாங்க இந்தப் பக்கமிருந்து இழுக்கிறோம். முள்ளு எனக்கென்ன புதுசா!"

முள்ளம்பன்றி இழுத்தது. ஆமையும் கவ்விக் கவ்வி இழுத்தது. வழி திறந்தது. முதலில் குட்டான், பின்னால் ஒவ்வொருவராக மேடேறினார்கள்.

"ஆமை மாமா, யாரு இங்க முள்ளைப் போட்டது?" என்று குட்டான் கேட்டது.

ஆமையின் வாயோரம் ரத்தம். நெடுங்கொம்பியை ஒருமுறை பார்த்தது. "மழையில அடிச்சுக்கிட்டு வந்திருக்கும், கண்ணு!"

திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. கொம்பு தரையில் படும்படி தலை தொங்கிப்போனது.

"மழையில்லடா. உன் அம்மா நான்தான் போட்டேன்."

குட்டான் அம்மாவை விட்டு நகர்ந்து, ஆமையின் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. ஆமை கிளம்பியதும் அதன் பின்னால் மெல்ல மெல்ல நடந்தது. நெடுங்கொம்பியும் கடைசியாக, காலடி பார்த்துப் பார்த்து நடந்தாள்.

வேகமாய்ப் போகிறவர்களுக்காக மெதுவாய் நடக்கிறவர்களின் வழியை அடைத்தால், ஆபத்து வரும்போது எல்லோருக்குமே வழியில்லாமல் போகும்.