பதினேழு நிமிடம்

ஆராய்ச்சி செய்ய மூளை வேண்டும் என்று பரவலாக நம்பப்படுகிறது. இது பிழை. எப்படிப் பரவியது என்று தெரியவில்லை. வேண்டியது வலது கைப் பெருவிரல்.

ஐயமுள்ளவர்கள், ஒரு பல்கலைக்கழகத்தில் ஆறு நாள் நடந்த 'பாலினமும் சமூக ஏற்றத்தாழ்வும்: ஆய்வுமுறைப் பயிற்சி'க்குப் போயிருக்கலாம். அரங்க வாசலில் ஓர் இயந்திரம். உள்ளே போகும்போது விரல் வைக்க வேண்டும், வெளியே வரும்போதும் வைக்க வேண்டும். பாத்திரம் துலக்கித் தேய்ந்த விரல்களை அது இரண்டு மூன்று முறை கேட்கும். மற்றபடி நேர்மையானது.

விதிகள் இயந்திரத்துக்கு மேலேயே ஒட்டப்பட்டிருந்தன. மொத்தம் இருபத்து நான்கு அமர்வுகள். ஓர் அமர்வில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வெளியே இருப்பவர், பங்கேற்பாளராயினும் வகுப்பெடுக்கும் கருத்தாளராயினும், அந்த அமர்வுக்கு வராதவர். இருபத்து நான்கும் முடிந்தால்தான் சான்றிதழ்.

சான்றிதழ் இருந்தால்தான், ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வட்டாரத்தில் அறிவிக்கப்பட்டிருந்த ஒரே ஒரு பாலினக் கல்வி உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்க முடியும். கடைசி நாள் திங்கட்கிழமை. அந்த ஒரு நாற்காலிக்காகத்தான் அறுபது பேரும் விரல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி செண்பகவல்லி. முனைவர் பட்ட ஆய்வை முடித்திருந்தாள். ஐந்து மாதக் கைக்குழந்தை. அவள் கணவன் சுடலைமுத்து ஒரு வாரம் விடுப்பு போட்டுவிட்டு, குழந்தையோடு அரங்கத்தின் பக்கவாட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பான். இடைவேளைகளில் மட்டும் பசிக்குமாறு குழந்தையைப் பழக்கியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் குழந்தை கால அட்டவணையை மீறியது.

அப்போது நடந்துகொண்டிருந்தது பத்தாவது அமர்வு. தலைப்பு: 'பெண்களின் கணக்கில் வராத நேரம்'. பேசிக்கொண்டிருந்தவர் பேராசிரியர் எஸ்தர் ஞானமணி. செண்பகவல்லியின் நெறியாளரும் அவரே. செண்பகவல்லி விரல் வைத்து வெளியே போனாள், பால் கொடுத்தாள், விரல் வைத்து உள்ளே வந்தாள்.

பதினேழு நிமிடம்.

அதே அமர்வில் மூன்றாம் வரிசையில் ஒருவர் வாய் திறந்து தூங்கினார். அவருடைய வருகை முழுமையாகப் பதிவானது.

ஐந்தாம் நாள் மாலை, அதுவரை தகுதி இழக்காதவர்களின் பட்டியலை ஒட்டினார்கள். ஐம்பத்தொன்பது பெயர்கள் இருந்தன.

செண்பகவல்லி ஒருங்கிணைப்பாளர் தண்டபாணியிடம் போனாள்.

"சார், பால் குடுக்கத்தான் போனேன்."

"தெரியும்மா. எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு."

"வெளிய ஸ்பீக்கர் இருக்கு சார். மேடம் பேசினது அத்தனையும் கேட்டேன். கேள்வி கேளுங்க, சொல்றேன்."

"நான் என்னம்மா கேக்குறது. மெஷின் கேக்கணும்."

"ரெண்டு நிமிஷம் சார்."

"இன்னைக்கு ரெண்டுன்னு விட்டா நாளைக்கு இருபதும்பாங்க. இங்க ஆம்பளைக்கு ஒரு விதி, பொம்பளைக்கு ஒரு விதின்னு கிடையாது. அந்த மெஷினுக்கு அதெல்லாம் தெரியாது. அதுக்கு எல்லாரும் ஒண்ணு. நீ படிக்கிற படிப்பே அதுக்குத்தானேம்மா?"

அவர் கேலி செய்யவில்லை. மனதாரச் சொன்னார்.

வராந்தாவில் உடன் பயிற்சி பெற்றவர்கள் ஆறுதல் சொன்னார்கள். விதின்னா என்ன பண்றது என்றாள் ஒருத்தி. அடுத்த வருஷமும் நடத்துவாங்க அக்கா என்றான் ஒருவன். நாற்காலிக்கு ஒரு போட்டி குறைந்தது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எஸ்தர் ஞானமணி விருந்தினர் விடுதி வாசலில் பொரி தின்றுகொண்டிருந்தார். செண்பகவல்லி உட்காரவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"பாகுபாடு காட்டுறவங்கள எப்படி எதிர்க்கணும்னு அஞ்சு வருஷம் சொல்லிக் குடுத்தீங்க. ஆள் யாருன்னு பாரு, யாருக்குச் சாதகம்னு பாருன்னு சொன்னீங்க. பாத்துட்டேன். ஆளே இல்ல. ஒரு பெட்டி இருக்கு. அது எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துது. பாகுபாடே காட்டாத ஒண்ண எப்படி மேடம் எதிர்க்கிறது?"

எஸ்தர் பொரிப் பொட்டலத்தை மடித்தார்.

"எத்தனை நிமிஷம் வெளிய இருந்தே?"

"பதினேழு."

"சரியாத் தெரியுமா?"

"நேரக் கணக்கெடுப்புலதான மேடம் ஆராய்ச்சி பண்ணேன். நூத்திப் பன்னெண்டு வீட்ல, பொம்பளைங்க நிக்கிற நேரம் உக்கார்ற நேரம் எல்லாம் எழுதினேன். என் நேரம் எனக்குத் தெரியாதா?"

"பிள்ளைக்கு எப்பப் பசிக்கும்?"

"இடைவேளையில பசிக்கணும். அப்படித்தான் பழக்கி வச்சிருக்கோம், பச்சப்புள்ளைய."

"நாளைக்குப் பழக்காதே. பசிக்கிறப்போ போ. என்கிட்ட சொல்லிட்டுப் போ."

"நான் கேட்டதுக்குப் பதில் இது இல்லையே மேடம்."

"பொரி வேணுமா?" என்றார் எஸ்தர்.

மறுநாள் பிற்பகல் கடைசி அமர்வு. இருபத்து நான்காவது. அதுவும் எஸ்தருடையது. அரை மணி நேரம் பேசியிருப்பார். படிக்கட்டுப் பக்கம் குழந்தையின் அழுகை கேட்டது. செண்பகவல்லி எழுந்து, "போறேன் மேடம்" என்றாள்.

எஸ்தர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார். வாக்கியத்தை அங்கேயே வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினார். வாசலில் இயந்திரத்தில் விரல் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. போய்விட்டார்.

படிக்கட்டில் செண்பகவல்லி சுவர்ப் பக்கம் திரும்பிப் பால் கொடுத்தாள். பின்னாலேயே வந்த எஸ்தரைப் பார்த்து, சுடலைமுத்து பதறி எழுந்து துண்டால் படியைத் துடைத்தான்.

"உக்காருங்க தம்பி. பக்கத்துல டீ கிடைக்குமா?"

அவன் வாங்கிவந்தான். எஸ்தர் ஆற்றி ஆற்றிக் குடித்தார். குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்டார். இன்னும் வைக்கவில்லை என்றார்கள், பயிற்சி முடியட்டும் என்று இருந்தார்களாம். எஸ்தர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குழந்தை முடித்த பிறகும், "கொஞ்சம் இரு, ஏப்பம் விடட்டும்" என்றார்.

பிறகு இருவரும் போனார்கள், விரல் வைத்தார்கள். எஸ்தர் மேடையேறி, விட்ட இடத்திலிருந்து அந்த வாக்கியத்தை முடித்தார். மீதிப் பேச்சையும் முடித்தார். கைதட்டினார்கள்.

நிறைவு விழா. மேசைமேல் சிவப்பு நாடா கட்டிய ஐம்பத்தொன்பது சான்றிதழ்கள். தண்டபாணி முதல் பெயரை வாசிக்கப் போனார்.

"ஒரு நிமிஷம்" என்றார் எஸ்தர். "இன்னைக்கு வருகைப் பதிவை எடுத்து வாசிங்க. கடைசி அமர்வு."

"அது எதுக்கு மேடம், சம்பிரதாயம்தானே."

"வாசிங்க."

உதவியாளர் தாளை எடுத்துவந்தார். தண்டபாணி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "அமர்வு இருபத்து நாலு. கருத்தாளர் எஸ்தர் ஞானமணி. வெளியே, பதினேழு நிமிடம்." நிறுத்தினார்.

"அடுத்த கட்டத்துல என்ன போட்டிருக்கு?"

"வரவில்லை."

"அப்ப அந்த அமர்வு நடக்கல."

"என்ன மேடம், இப்பத்தான் பேசி முடிச்சீங்க. இத்தனை பேர் கேட்டோமே?"

"மெஷினுக்கு அதெல்லாம் தெரியாது."

முன்வரிசையில் ஒருத்தி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். இருபத்து மூன்றுதான் வந்தது.

"அப்போ எங்க யாருக்குமே சான்றிதழ் கிடையாதா?" என்றான் பின்வரிசையிலிருந்து ஒருவன். வராந்தாவில் ஆறுதல் சொன்னவன்தான். "திங்கக்கிழமை கடைசி நாள் மேடம். அந்த வேலை கையவிட்டுப் போயிடும்."

"அவளுக்கும் அதே வேலைதான்" என்றார் எஸ்தர். "அடுத்த வருஷமும் நடத்துவாங்க தம்பி."

அவன் உட்கார்ந்தான்.

"என்ன நியாயம் இது?" என்றது ஒரு குரல். "ரெண்டே நிமிஷத்துக்காக அறுபது பேரா?" என்றது இன்னொன்று. நேற்று இதே இரண்டு நிமிடத்துக்காக ஒருத்தி நின்றபோது நியாயம் என்ற சொல் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் நினைவு வரவில்லை.

தண்டபாணி மேடை ஓரத்துக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். ஒலிவாங்கி அணைக்கப்படாததால் எல்லோருக்கும் கேட்டது.

"மேடம், மனுஷத்தன்மையோட பாப்போம். மெஷின் சொல்லிட்டா ஆயிடுமா? நீங்க பெரியவங்க. ஏதோ ஒரு தேவைன்னுதானே எந்திரிச்சுப் போனீங்க. அதைப் போய் யாராவது கணக்குப் பாப்பாங்களா?"

எஸ்தர் சுவரோரம் நின்றுகொண்டிருந்த செண்பகவல்லியைப் பார்த்தார். பிறகு தண்டபாணியைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு தேவையும் இல்லையே. நான் டீ குடிக்கப் போனேன். தேவைக்குப் போனது அவ."

தண்டபாணி தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அன்று மாலை அறுபது சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. ஐம்பத்தொன்பது அச்சிட்டவை, ஒன்று கையால் எழுதியது. அடுத்த ஆண்டு வந்த சுற்றறிக்கையில் பதினைந்து நிமிட விதி இல்லை. கருத்தாளர் பட்டியலில் எஸ்தர் ஞானமணியின் பெயரும் இல்லை.